ஒற்றைக் கையுறைகள்

மூன்று பத்துக்கு விழுகிறது.
நேற்றும் மூன்று பத்து.
முந்தாநாள் மூன்று பன்னிரண்டு,
அன்றைக்கு மட்டும்
கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்ததுபோல.

போஸ்னான் டிராம்களில் தொலைந்த பொருள்களுக்கென்று
ஒரு டேட்டாபேஸ் இருப்பதே
போன மாதம்வரை எனக்குத் தெரியாது.
இருபத்தாறு வருடக் குடைகள்,
பல்செட் நூற்றுப் பதினேழு,
ஒரு டூபா, ஒரு மணப்பெண் முக்காடு,
வலது பொய்க்கால் ஒன்று.
எல்லாம் வரிசை எண்ணோடு ஒரு கிழட்டு சர்வரில்.
காணாமல்போனதையெல்லாம் காத்துவந்தது
இப்போது தினமும் தானே காணாமல்போகிறது.

விழுகிறது, தானாக எழுகிறது,
விழுகிறது, எழுகிறது,
ஐந்தாம் முறை
எழுப்பிவிடும் நிரலுக்கே அலுத்துவிடுகிறது.
அப்புறம் காலையில் நான் வரும்வரை
கேட்பாரில்லை.

முதலில் டிஸ்க்கைச் சந்தேகித்தேன். பாதி காலி.
பிறகு மின்சாரத்தை. பிறகு
நானே போட்ட அப்டேட்டை.
வெட்கத்தோடு அதைக் கழற்றினேன்.
மூன்று பத்து.
டேட்டாபேஸின் லாகில் ஒன்றுமில்லை.
பாதி வாக்கியத்தில் நிற்கிறது,
பேசிக்கொண்டிருந்த வாயை யாரோ பொத்தியதுபோல்.
கொலையுண்டவர் வாக்குமூலம் எழுதுவதில்லை
என்பது உறைக்க
எனக்கு நாலு நாள் ஆனது.

கொன்றவர் எழுதியிருந்தார்.
கர்னலின் குறிப்பில், ஒரே வரி:
மெமரி தீர்ந்தது, 2219-ஐக் கொன்றேன்.
அதன் விதி அது.
இடம் போதாதபோது
யார் அதிக நினைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ
அவரை முதலில் கொல்.
மறதிக்காரச் சின்ன நிரல்கள் எல்லாம்
சுகமாக இருந்தன.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை.
வெளியே மைனஸ் பதினொன்று.
காவலாளி இரேனேயுஷ் ஹீட்டரை என் பக்கம் தள்ளி
ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும் தந்தார்.
பிணத்துக்குக் காவலா, என்றார்.
இல்லை, கொலைக்கு, என்றேன்.

மூன்று மணிக்கு ஒரு க்வெரி கண்விழித்தது.
அனுப்பியவர் வியெஸ்வாவா, கவுண்ட்டர் இரண்டு.
ஒவ்வொரு ஒற்றைக் கையுறையையும்
மற்ற ஒவ்வொரு கையுறையோடும்
வைத்துப் பார், என்றது.
தேதிக்கு எல்லையில்லை. நிறத்துக்கு எல்லையில்லை.
நாற்பத்தோராயிரம் கையுறைகள்,
நூற்று அறுபத்தெட்டு கோடிக் கைகுலுக்கல்கள்,
எட்டு ஜிபி இயந்திரம்.
குருவி தலையில் பனங்காய்.
வரிசைப்படுத்த
எவ்வளவு மெமரி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்
என்று செட்டிங்கில் தாராளமாக எழுதிவைத்தது யார்?
தேடினால் என் பெயர்.

கிராஃப் செங்குத்தாக ஏறியது.
நிறுத்தியிருக்கலாம்.
ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

காலையில் வியெஸ்வாவா மறுக்கவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.
ஒன்றைத் தொலைத்தவர்கள்
ஒரு வாரத்தில் மற்றதையும் விட்டுவிடுவார்கள், என்றார்,
வேறு வண்டியில், வேண்டுமென்றேகூட.
இரண்டும் இங்கேதான் கிடக்கும், வேறு வேறு பெட்டியில்.
யாராவது பார்க்க வேண்டாமா?
க்வெரி எழுத எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.
மதிய இடைவேளையில், என்றார்,
டூபாவின்மேல் தூசி தட்டியபடி.

அழிக்க மனம் வரவில்லை.
ஒரே குளிர்காலம், ஒரே நிறம்,
இடதுக்கு வலது மட்டும் என்று வேலி கட்டினேன்.
நிறத்துக்கு ஓர் இண்டெக்ஸ்.
என் தாராளத்தையும் கொஞ்சம் குறைத்தேன்.
நான்கு விநாடி.
மூன்று பத்து வந்தது,
போனது.

பத்தொன்பது ஜோடி கிடைத்தது.
பதினெட்டு பொய்,
ஒரே கடையில் வாங்கிய வேறு வேறு கைகள்.
மிச்சம் ஒன்று கடுகு நிறம், குழந்தை அளவு.
இரண்டிலும் கட்டைவிரல் ஓட்டையை
ஒரே பச்சை நூலால்
யாரோ அவசரமாகத் தைத்திருக்கிறார்கள்.
யாரென்று எந்த அட்டவணையிலும் இல்லை.

வியெஸ்வாவா இரண்டையும் சேர்த்து க்ளிப் போட்டு
புது எண் ஒன்று கேட்டார்.
கொடுத்தேன்.
இன்னும் மூன்று பத்துக்கு
எனக்குத்தான் விழிப்பு வருகிறது.